கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்ன பாட்டு

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாம் கேட்டு வளர்ந்த பாட்டுகளுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பாட்டை எடுத்தாலும் யாராவது யாரையாவது விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பியானோ வாசித்துக்கொண்டு விட்டுக்கொடுப்பார்கள், படகில் ஏறி விட்டுக்கொடுப்பார்கள், மணப்பந்தலில் பூத்தட்டை ஏந்தி நின்றுகொண்டு விட்டுக்கொடுப்பார்கள். நாமும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மனிதர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தோம். இப்போதும் பேரப்பிள்ளைகள் போனில் அவற்றைத் தேடிப் போட்டுக்கொடுத்தால் எனக்குக் கண் கசியத்தான் செய்கிறது.

ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் கசியாது. அது தொடங்கினாலே ஓடிப்போய் அணைத்துவிடுவேன். அந்தப் பாட்டை வைத்து நான் ஒரு குடியைக் கெடுத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

செங்கல்பட்டில் எங்கள் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. அத்தாவுக்குச் சாக்கும் கயிறும் விற்கிற கடை. அதனால் வீட்டில் எந்த மூலையிலும் சணல் வாடை அடிக்கும், சோற்றில்கூட ஒரு நார் கிடக்கும். வீட்டில் அத்தா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான என் சாச்சி. சாச்சிக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும். கல்யாணமாகி எட்டு மாதத்தில் சாச்சா சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனார். சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்புறம் கடிதம் இல்லை. கப்பல் மட்டும் திரும்பி வந்தது, அவர் அங்கேயே இறங்கிப் போய்விட்டதாகக் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். செத்தாரா இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஜமாத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. புருஷனைப் பற்றி நாலு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால், கல்யாணத்தை முறித்துக் கொடுப்பார்கள். பெண் இத்தா என்கிற காத்திருப்புக் காலம் இருந்துவிட்டு வேறு நிக்காஹ் செய்துகொள்ளலாம். ஆனால் நடுவில் ஆள் உயிரோடு இருப்பதாக ஒரு தகவல் வந்துவிட்டால், அதுவரை போன வருஷமெல்லாம் போனதுதான், முதலிலிருந்து எண்ண வேண்டும். நான் சொல்கிற அந்தப் பங்குனி மாதம் சாச்சிக்கு நாலு வருஷம் முடிய இன்னும் இருபது நாள்தான் பாக்கி.

மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். மணிக்கூண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. எங்கள் வீட்டு வால்வு ரேடியோ மக்கர் செய்தபோது வந்தார். ரேடியோ முன் அறையில், சாச்சி திரைக்குப் பின்னால். வீட்டில் அதை அதிகம் கேட்கிறவள் சாச்சி என்பதால் கோளாறை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கொஞ்ச நேரம் நல்லாப் பாடுது. அப்பறம் கரகரங்குது" என்றாள் திரைக்குள்ளிருந்து.

"எவ்ளோ நேரங்கழிச்சு?" என்று அவர் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு பாட்டு முடிஞ்சி மூணாவது பாட்டுல."

"நல்லாத்தான் கவனிச்சு கேட்டுகினு கீறீங்க" என்றார் அவர். திரை கொஞ்சம் அசைந்தது, சாச்சி சிரித்தாள் என்று நினைக்கிறேன். அவர் மூன்று நாள் வந்தார். அவ்வளவு பெரிய ரிப்பேர் ஒன்றும் இல்லை என்பது இப்போது எனக்குப் புரிகிறது. மூன்றாம் நாள் முள்ளைத் திருப்பியதும் கடலுக்கு அக்கரையிலிருந்து வரும் ரேடியோ கணீரென்று கேட்டது. முதலில் வந்தது அந்தப் பாட்டுதான்.

"கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடு கண்ணே, காற்றின் வழியை மறிக்காதே" என்று தொடங்கும். பாட்டு முழுக்க ஒருவன் கரையில் நிற்பவளிடம், படகை விட்டுவிடு, நெஞ்சையும் விட்டுவிடு என்று கெஞ்சிக்கொண்டே போவான். சாச்சி அன்றிலிருந்து அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும்போது, என் தலையில் பேன் பார்க்கும்போது, எப்போதும் அதுதான். காணாமல் போன சாச்சாவை நினைத்துத்தான் பாடுகிறாள் என்று நான் நம்பினேன். பத்து வயதுக்கு அவ்வளவுதான் புத்தி. அவள் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை நினைத்துப் பாடினாள்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு இரகசியம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே சாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கதை சொல்வாள். அங்கே அவள் எனக்குச் சாச்சி இல்லை, பட்டு. நான் சிட்டு. படிக்குக் கீழே மட்டும்தான் அந்தப் பெயர்கள். வெளியே வந்தால் வாய்திறக்கக் கூடாது என்று சத்தியம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவள் கதைகளிலும் பாட்டு வியாதி உண்டு. ஒருத்தி ஒரு அலையைப் பானையில் பிடித்து மூடி வைத்துவிட்டாளாம். கடல் தன் அலையைத் தேடி ஒவ்வொரு தெருவாக ஏறி வந்ததாம். மூடியைத் திறந்து அவள் அதை விட்டாளாம். கடல் திரும்பிப் போகும்போது அவள் வாசலில் ஒரு கூடை முத்தை வைத்துவிட்டுப் போனதாம். விட்டால் முத்து கிடைக்கும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அக்கரை ரேடியோவில் சாயங்காலம் நேயர்கள் விரும்பிக் கேட்கும் பாட்டு போடுவார்கள். நம் எல்லோருக்கும் நினைவிருக்கும், ஒரு பாட்டுக்கு முன்னால் ரேஷன் கடை வரிசைபோலப் பெயர்கள் வரும். அந்தப் பாட்டைச் சாச்சிக்காகக் கேட்டு எழுத எனக்கு ஆசை. ஆனால் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பெயர் ரேடியோவில் வரக் கூடாது என்பது அத்தாவின் சட்டம். அதோடு நம் ஊர்ப் பக்கத்து அட்டைகள் குவிந்து கிடந்தன, எப்போது முறை வருமோ தெரியாது. தூரதேசத்திலிருந்து எழுதுகிறவர்களுக்கு மட்டும் அறிவிப்பாளர் குரலைக் குழைத்துக்கொண்டு தனியாக வாசிப்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். மாங்காய் வாங்கக் கொடுத்த காசைச் சேர்த்து வெளிநாட்டுக்குப் போடும் தபால் அட்டை ஒன்று வாங்கினேன். சிங்கப்பூரிலிருந்து எழுதுவதாக, சாச்சாவின் முழுப் பெயரை ஊர்ப் பெயரோடு போட்டேன். செங்கல்பட்டில் இருக்கும் என் அன்பு மனைவிக்காக என்று எழுதினேன். சாச்சியின் பெயரைப் போட்டால் அத்தா கொன்றுவிடுவார். அதனால் பட்டு என்று போட்டேன். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு, கொளவாய் ஏரிக்கரை வழியாக ஓடிவந்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. சாச்சி சந்தோஷப்படுவாள் என்று செய்தேன். அல்லா அறிய வேறு எண்ணம் இல்லை.

நாலைந்து வாரம் கழித்து, பங்குனியில் ஒரு சாயங்காலம் அது வந்தது. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அத்தா அன்றைக்கென்று சீக்கிரம் கடை கட்டிவிட்டு வந்திருந்தார். அறிவிப்பாளர் குழைந்த குரலில் சாச்சாவின் பெயரை வாசித்தார். ஊரை வாசித்தார். "தன் அன்பு மனைவி பட்டுவுக்காக" என்றார். பாட்டு தொடங்கியது. கயிற்றை அவிழ்த்துவிடு, கயிற்றை அவிழ்த்துவிடு என்று அந்தக் குரல் கெஞ்சியது. அம்மாவின் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. நான் சாச்சியைப் பார்த்தேன், சிரிப்பாள் என்று. அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"உசுரோட கீறான்" என்றார் அத்தா.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லியும் தொழவைக்கிற அஜரத்தும் எங்கள் முன் அறைக்கு வந்துவிட்டார்கள். ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் அவர்களுக்கு நாற்காலி. திரைக்குப் பின்னால் அம்மாவும் சாச்சியும் நானும். ஒரு சினிமாப் பாட்டை மார்க்க விஷயமாக ஆராய்ந்த ஜமாத் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"கயிற அவுத்து வுடுனு சொல்றான். அது தலாக்தானே?" என்றார் முத்தவல்லி.

"நம்மள்ல ஏது தாலிக் கயிறு? கருகமணிதானே" என்றார் அத்தா.

அஜரத் தாடியைத் தடவினார். "பாட்டு எழுதனவன் யாரோ, பாடனவன் யாரோ. அடுத்தவன் வாயால தலாக் ஆவாது. ஆனா பேரு குடுத்து கேட்டது அவருதான்னா, ஆளு ஹயாத்தா, உசுரோட கீறாருனு தகவல் வந்தாச்சு. கணக்கு மறுபடியும் மொதல்லேர்ந்துதான்."

"வேற எவனாச்சும் வெளயாட்டுக்கு எழுதிருந்தா?" என்றார் முத்தவல்லி.

"எழுதிருந்தான்னா அவன் கைய ஒடச்சி அடுப்புல வெச்சிடுவேன்" என்றார் அத்தா. "ஆனா அப்டி இல்லீங்க. பொண்டாட்டிய கூப்புடற பேர சொல்லிகீறான். இந்தப் பேரு வூட்ல எங்களுக்கே தெரியாது. புருஷனத் தவிர யாருக்குத் தெரியும்?"

அஜரத் திரையைப் பார்த்துக் குரலை உயர்த்திக் கேட்டார். "நீ சொல்லுமா. உன்ன பட்டுனு கூப்புடற ஆளு உண்டா?"

சாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வையை நான் பார்க்காத நாள் குறைவு. கோபம் இல்லை அதில். ஏதோ கேட்பது போல இருந்தது. நான் என் பாவாடையின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றேன். என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாச்சி வாய் திறக்கவில்லை.

நிக்காஹ் சமயத்தில் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதே வழக்கத்தை அன்றைக்கும் எடுத்துக்கொண்டார்கள். டீ குடித்துவிட்டுப் போனார்கள். நாலு வருஷம் முடிய இருந்த இருபது நாள், மறுபடியும் முழு நாலு வருஷமானது.

அதற்கப்புறம் வீடு மாறிப்போனது. அத்தா சிங்கப்பூருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். சாச்சி பாடுவதை நிறுத்தினாள். சாயங்காலம் ஆனால் அம்மா ரேடியோவைத் துணி போட்டு மூடிவிடுவாள். மூடிய ரேடியோவைப் பார்க்கவே எனக்குப் பயம், உள்ளே அந்தக் குரல் காத்திருப்பது போல. படிக்கு அடியில் சாச்சியை ஒருநாள் கதை கேட்டேன். பழைய பானைக் கதையையே சொன்னாள். ஆனால் இந்தத் தடவை அந்தப் பெண் மூடியைத் திறந்தால் பானையில் அலை இல்லை, ஒன்றுமே இல்லை. கடல் மட்டும் தெருத்தெருவாக ஏறி வந்துகொண்டே இருந்தது. "அப்பறம்?" என்றேன். "அவ்ளோதான்" என்று எழுந்து போனாள்.

முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது ரேடியோக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து என்னை நிறுத்தினார். கையில் ஒட்டிய கவர் ஒன்று.

"பாப்பா, அக்கரை ரேடியோவுக்கு எழுதிப் போட்டிருந்தேன். அந்த அட்டைய அனுப்பச் சொல்லி. எந்த ஊர் தபால்ல போட்டதுனு முத்திரை காட்டிக்குடுத்துடும். அனுப்பிட்டாங்க" என்றார். "நான் பிரிக்கல. இதுல இன்னா இருந்தாலும் மொதல்ல உங்க சாச்சிதான் பாக்கணும். அவரு உசுரோட கீறாருனா நான் ஒதுங்கிக்கிறேன்னு சொல்லு. இல்லனா ஒரு வார்த்த சொல்லி அனுப்பச் சொல்லு. நான் காத்துகினு கீறேன்."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. அந்த மனுஷன் கவரைக் கிழித்துப் பார்த்திருந்தால் போதும். செங்கல்பட்டு முத்திரையைப் பார்த்திருப்பார், அஜரத் முன்னால் தூக்கிப் போட்டிருப்பார், சாச்சி அந்த வருஷமே அவர் வீட்டில் விளக்கேற்றியிருப்பாள். பாட்டுக் கேட்டே கெட்டுப்போன மனுஷன். விட்டுக்கொடுக்கிறவன்தான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு, பத்து வயதுப் பிள்ளை கையில் தன் வாழ்க்கையைக் கொடுத்தனுப்பினார்.

நான் கக்கூசுக்குள் தாழ் போட்டுக்கொண்டு பிரித்தேன். என் அட்டை. என் கோணல் எழுத்து, என் நீல மசி, மேலே வட்டமாக ஊர் முத்திரை. அடுப்பில் எரியும் விறகை நினைத்தேன். என் வலது கையைப் பார்த்துக்கொண்டேன். கவரை மடித்துப் பாவாடை நாடாவுக்குள் செருகினேன். சாச்சியிடம் கொடுக்கவில்லை. நாலு நாள் அது என் வயிற்றைக் குத்திக்கொண்டே இருந்தது, தூங்கும்போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாச்சி அத்தாவிடம் வாயைத் திறந்து ஒன்று கேட்டாள், "கடலப் பாக்கணும்." அத்தாவுக்கு இரக்கமாகிவிட்டது. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம். அத்தாவும் அம்மாவும் சவுக்குத் தோப்பு நிழலில் சோற்று மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் சாச்சியும் தண்ணீரை நோக்கி நடந்தோம். கரையில் கட்டுமரங்களைக் காயப் போட்டிருந்தார்கள். வெயில் மண்ணைக் கொதிக்க வைத்திருந்தது. காற்று மட்டும் விடாமல் அடித்தது, பேசினால் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போனது.

சாச்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் போய், கவரை எடுத்து அலையில் விட்டேன். விட்டால் நல்லது நடக்கும், கதையில் முத்துக்கூடை வந்தது அல்லவா? அலை அதை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த அலை திருப்பிக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. மறுபடி விட்டேன். மறுபடி வந்தது. கடலுக்குக்கூட அது வேண்டாம். கவரோடு அட்டையைத் துண்டுதுண்டாகக் கிழித்தேன். நனைந்த அட்டை சுலபத்தில் கிழியவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன். மசி நாக்கில் கசந்தது. துண்டுகள் நுரையோடு சேர்ந்து காணாமல் போயின.

நிமிர்ந்து பார்த்தால் சாச்சி நின்ற இடத்தில் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள். நிற்காமல், அவசரமில்லாமல், கடைக்குப் போகிறவள் போலப் போனாள். மாராப்புத் துணி அவளுக்குப் பின்னால் தண்ணீரில் மிதந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து கத்தினார். "இன்னாமா, எங்க போற? இங்க இழுப்பு ஜாஸ்தி!" அவள் திரும்பவில்லை.

எனக்கு என்ன கத்துவது என்று தெரியவில்லை. தொண்டையில் இருந்தது ஒரே பெயர்தான்.

"பட்டு!"

அவள் நின்றாள். ஒரு அலை அவள் தோளைத் தாண்டிப் போனது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள், அதே பார்வை. அப்புறம் ஒவ்வொரு அடியாக வந்தாள். ஈரம் சொட்ட என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ என்ன இன்னானு கூப்ட்ட?"

"சாச்சினு" என்றேன்.

அவள் என் உதட்டைப் பார்த்தாள். அதில் நீல மசி இருந்திருக்க வேண்டும், எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

"வேற இன்னானா சொல்லணுமாடி எங்கிட்ட? சொல்லு. அடிக்க வுடமாட்டேன்."

"இல்ல" என்றேன்.

பிறகு எழுந்து சேலையைப் பிழிந்தாள். ஆழம் பார்க்கப் போனதாக அம்மாவிடம் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது நான் அவள் ஈர மடியில் தூங்கிப்போனேன்.

ரேடியோக்காரர் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பேசாமல் இருந்ததையே பதிலாக எடுத்துக்கொண்டார், அவரும். ரம்ஜான் முடிந்து அவருக்கு வேறு இடத்தில் நிக்காஹ் ஆனது. கடையைக் கூடுவாஞ்சேரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாலு வருஷம் முடிந்து ஜமாத் சாச்சிக்கு விடுதலை கொடுத்தபோது, பெண் கேட்டு வர யாரும் இல்லை. சாச்சா பற்றி ஒரு தகவலும் கடைசிவரை கிடைக்கவில்லை. அத்தா அம்மா காலத்துக்குப் பிறகு சாச்சி என்னோடு வந்துவிட்டாள். என் பிள்ளைகளை வளர்த்தவள் அவள்தான். அவர்களுக்குச் சொன்ன கதைகளில் ஒன்றில்கூட யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன வருஷம் அவள் படுக்கையில் விழுந்தாள். ஒருநாள் பேத்தி சாச்சியின் அறையில் பழைய பாட்டுகளை ஓடவிட்டிருந்தாள். வரிசையில் அந்தப் பாட்டு வந்துவிட்டது. ஓடிப்போய் அணைத்தேன். சாச்சி கண்ணை மூடியபடி, "போடுடி, இன்னாத்துக்கு நிறுத்தற" என்றாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, கவர், கடல், எல்லாம். அறுபது வயதுக் கிழவி பத்து வயதுப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன்.

"தெரியும்" என்றாள் அவள். "பட்டுனு உன்னத் தவிர யாரு கூப்புடுவா? ரேடியோல கேட்டப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல நீ?"

"நான் சொன்னா இன்னா சொல்லிருப்பாங்க? புருஷன் இருக்கச்சொல்ல வேற ஆளு தேடறா, அதுக்குப் புள்ளைய பொய் சொல்ல வெக்கறானு சொல்லிருப்பாங்க. உன் வாய்லேர்ந்து வந்தாத்தான் எடுபடும். அதான், நீ சொல்லுவேனு பாத்துகினு இருந்தேன்."

"எவ்ளோ நாளு?"

"அவருக்கு நிக்காஹ் ஆவுற வரைக்கும்."

"அப்பறம்?"

"அப்பறம் பழகிப்போச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பது வருஷமாக வாயில் வராத பெயர் அப்போது வந்தது. "என்ன மன்னிச்சிட்டியா பட்டு?"

பாட்டாக இருந்தால் அவள் என் தலையைத் தடவியிருப்பாள். கதையாக இருந்தால் சிரித்திருப்பாள். சாச்சி கொஞ்ச நேரம் யோசித்தாள், பொய் சொல்லிவிடக் கூடாதே என்பது போல.

"இல்லடி" என்றாள்.

அப்புறம் தாகமாக இருக்கிறது என்றாள். தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன்.